முன்னுக்குப் பூட்டுவதா, பின்னுக்குப் பூட்டுவதா

அந்த வருடம் செப்டெம்பர் பிறந்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. தேநீரை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்காமல் எழும்பிப் போய்விடுவேன். தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தால் கால் தன்பாட்டில் ஆடும். காருக்கான பிளாஸ்டிக் துண்டுகளை மெஷினிலிருந்து எடுத்து அடுக்குவதுதான் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே கை ஓயாது என்பதால் எட்டு மணித்தியாலம் மனம் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் தொடங்கிவிடும். என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

நாங்கள் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, அவளுடைய அண்ணனைத் தவிர. மூன்று வருடங்களுக்கு முன்னர், அப்பார்ட்மென்ற்றில் இருந்த காலத்தில், எங்களுக்கு ஒரு பிள்ளை வரவிருந்தது. பிள்ளை பிறக்கமுன்னர் அதற்கென்று ஒன்றும் வாங்கி வீட்டில் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். கோயிலுக்குப் போகிறவர்கள், எங்களைப்போல மாதாவிடம் போகிறவர்கள் என்ற பேதம் அதற்கு இல்லை. நான் அதைக் கேட்டுச் சிரித்தவன். தொட்டில் வாங்கினேன், சட்டை வாங்கினேன், பிள்ளையைக் காரில் இருத்துகிற கார் சீற்றையும் வாங்கி ஒரு மாதம் முன்னரே பூட்டிப் பார்த்தேன். எட்டாம் மாதத்தில் பிள்ளையின் இதயத் துடிப்பு நின்றுவிட்டது. ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இருவரும் திரும்பி வந்தபோது அந்தச் சீற் பின்னால் பெல்ற் போட்டபடி இருந்தது. கழற்றி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவள் முன்னால் ஏறி இருந்தாள், வீடு வரும்வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மடைத்தனத்துக்கு நான் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

அதனால் இந்தமுறை சட்டம் போட்டது அவள்.

"ஒரு சொக்ஸ்கூட இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. எல்லாம் பிறந்தாப் பிறகு பாப்பம்."

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது. தொட்டிலையும் சட்டைகளையும் அப்போதே தேவாலயத்தில் பழைய சாமான் சேர்ப்பவர்களிடம் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகத்தான் அவளிடம் சொன்னேன். கார் சீற்றைக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்காக இரண்டு தடவை கொண்டுபோய், இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டுவந்தேன். குப்பை கட்டும் கறுப்புப் பையில் போட்டுச் சுற்றிக் கட்டி, சுத்தியல், குறடு வைக்கிற ஆயுதப் பெட்டிகளோடு சேர்த்து ஒளித்து வைத்திருந்தேன். புதுவீட்டுக்கு வந்தபோது அதுவும் வந்து, பின்வளவு ஷெட்டில், பலகைகளுக்குப் பின்னால் இருந்த தட்டில் ஏறிக்கொண்டது. மனைவி அந்த ஷெட்டுக்குள் கால் வைப்பதில்லை. சிலந்தி என்றால் அவளுக்குப் பயம்.

புதுவீடு என்று சொன்னேனே தவிர அது நாற்பது வயதுக் கிழட்டு வீடு. எங்கள் சனமெல்லாம் ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கத்துக்கும் அஜக்ஸுக்கும் புதுச் செங்கல் வீடு தேடி ஓடிக்கொண்டிருந்தபோது, நான் ஸ்காபரோவின் கிழக்கு மூலையில், ஓடை ஒன்றுக்குப் பக்கத்தில், பெரிய காணியோடு இதைப் பிடித்தேன். வீதியிலிருந்து வீட்டு வாசலுக்கு நூற்றைம்பது அடி டிரைவ்வே. வாங்கும்போது கோடைகாலம். அந்த நீளம் எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டை விற்ற வயதானவர் அப்பார்ட்மென்ற்றுக்குப் போகிறவர் என்பதால் புல்லு வெட்டும் தோட்ட டிராக்டர் ஒன்றையும் ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். சின்னதுதான், ஆனால் பழைய காலத்து இரும்பு. இருவர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது.

பிள்ளைக்கு ஜனவரிக் கடைசி என்று டொக்டர் நாள் குறித்தார். அன்றிரவு படுக்கையில் நான் நூற்றைம்பது அடியையும் இரண்டு அடி பனியையும் பெருக்கிப் பார்த்தேன். அவளுக்குப் பிரசவ நோக் கண்டு, கார் வெளியே வரமுடியாமல் நின்றால்? போனமுறை நான் அவசரப்பட்டேன். இந்தமுறை பிந்திவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் வாங்கக்கூடாது, சரி. டிராக்டருக்கு வாங்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லையே.

மறுநாளே தொடங்கிவிட்டேன். வேலைக்கு முன்னரும் பின்னரும் டிராக்டருக்குப் பூட்டிப் பனியை அள்ளி எறிகிற ஸ்னோ புளோவர்களின் விளம்பரப் புத்தகங்கள்தான். ஒன்றில் சுழலும் அலகு ஒன்று மாத்திரம், அதுவே அள்ளி அதுவே எறியும். இன்னொன்றில் அள்ளுவதற்கு ஒன்று, பின்னால் நின்று எறிவதற்கு விசிறிபோல ஒன்று. முதலாவது ஈரப் பனியில் அடைத்துக்கொள்ளும் என்று ஒரு புத்தகம் சொல்லும். இரண்டாவது பாரம் கூட என்று அடுத்தது சொல்லும். அகலம் எவ்வளவு, டயருக்குச் சங்கிலி வேண்டுமா, பின்னால் பாரம் வைக்க வேண்டுமா என்று என் மண்டை காய்ந்துபோனது. சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, மனைவி சோறு போடவந்தால் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டேன்.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், மார்க்கத்திலிருந்து வந்து இதைப் பார்த்துவிட்டுச் சிரி சிரி என்று சிரித்தார். ட்ரக்கில் பனி வழிக்கிறவனோடு ஒரு சீசனுக்குப் பேசி விட்டால் முடிந்தது என்றார். அவன் தன் வசதிக்கு வருவான், பிள்ளை தன் வசதிக்கு வரும், இரண்டும் ஒத்துவராது என்றேன். அம்புலன்ஸைக் கூப்பிடலாமே என்றார். அம்புலன்ஸும் இந்த டிரைவ்வேயால்தானே வரவேண்டும் என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. மச்சான் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் கோபித்தது அநியாயம் என்று தெரிந்தும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மார்க்கத்துக்கும் வடக்கே, வயல்கள் தொடங்குகிற இடத்தில், பண்ணை மெஷின்கள் விற்கிற கடை ஒன்று இருந்தது. முதலாளி அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர். எண்ணெய்க் கறை பிடித்த தொப்பி. முதல்நாள் அவர் எனக்கு ஒன்றையும் காட்டவில்லை, கேள்விதான் கேட்டார். டிரைவ்வே கல்லா தாரா? காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கும்? பனியை எந்தப் பக்கம் எறியப் போகிறாய்? எனக்கு எரிச்சல் வந்தது. நான் சாமான் வாங்க வந்தவன், சோதனை எழுத வந்தவன் இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து டிரைவ்வேயில் நின்று காற்றைப் பார்த்தேன். மேற்காலே அடித்தது. இரண்டாம் தடவை போய்ச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அப்போதும் ஒன்றும் விற்கவில்லை.

மூன்றாம் தடவையோ நான்காம் தடவையோ, எதற்காக இவ்வளவு அந்தரம், அவசரம் என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். மனைவிக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது, ஜனவரியில், முதல் பிள்ளை தங்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சொந்த பந்தத்துக்குச் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒரு மனிதருக்கு, உழவு மெஷின்களுக்கு நடுவில் நின்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார். அதன்பிறகுதான் என்னைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனார்.

அங்கே எனது டிராக்டருக்குப் பொருந்துகிற இரண்டு இருந்தன. ஒன்று முன்னுக்குப் பூட்டுவது. மற்றது பின்னுக்கு, மூன்று இரும்புக் கைகள் பிடித்துத் தூக்க, எஞ்சினின் பலத்தைப் பின்னால் நீளும் தண்டிலிருந்து எடுப்பது. எனது டிராக்டர் பழைய உருப்படி என்றபடியால் பின்பக்கத் தண்டும் இருந்தது. முன்னுக்குப் பூட்டுவதை எடு என்றார் அவர்.

நான் பின்னுக்கு என்றேன்.

இங்கேதான் என் தலைக்கனம் வேலை செய்தது. மன்னாரில் பத்து வருடம் வாடகைக்கு வயல் உழுதவன் நான். டிராக்டர் என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கலப்பை பின்னுக்கு, சாமான் ஏற்றும் பெட்டி பின்னுக்கு, தண்ணீர் ஏற்றும் பவுசர் பின்னுக்கு. முன்னுக்கு எதையாவது கட்டிக்கொண்டு போகிற டிராக்டரை நான் கண்டதில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். இதைப் பின்னுக்குப் பூட்டினால் நீ டிராக்டரைப் பின்பக்கமாகத்தான் ஓட்டவேண்டும், கழுத்து நொந்துபோகும் என்றார். கழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. உழுகிற மாதிரி நான் நேரே முன்னால் பார்த்து ஓட்ட, பின்னால் அது பனியை எறிந்துகொண்டு வரும், அப்படியொரு படத்தைத்தான் நான் மனத்தில் வைத்திருந்தேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து பூட்டிய பிறகு, ஷெட் வாசலில் டிராக்டரில் ஏறி இருந்து முன்னால் பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. உழவில் சக்கரம் முதலில் மிதிக்கும், கலப்பை பின்னால் வந்து கிளறும். மண்ணுக்கு அது சரி. பனியில் சக்கரம் முதலில் ஏறினால் பனி இறுகிப்போகும், இல்லாவிட்டால் டிராக்டரே புதைந்துவிடும். ஆக, பனியை முதலில் சந்திக்க வேண்டியது புளோவர். புளோவர் இருப்பது எனக்குப் பின்னால். பத்து வருடம் உழுத மகாராசன் இரண்டு மாதம் புத்தகம் படித்து இதைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். அந்த மனிதர் மாற்றியும் தந்திருப்பார். ஆனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? அதனால் பழகுவது என்று தீர்மானித்தேன். நொவெம்பர் முழுக்க, ஒரு பொட்டுப் பனியும் இல்லாத டிரைவ்வேயில், கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி வீதிவரை பின்னுக்குப் போவேன், முன்னுக்கு வருவேன், மறுபடி பின்னுக்குப் போவேன். முன்வீட்டுச் சீனக் குடும்பம் யன்னல் திரையை விலக்கிப் பார்க்கும். இடது தோளிலிருந்து காதுவரை நரம்பு இழுத்துக்கொண்டது. மனைவி தைலம் பூசி உருவிவிட்டாள். உருவும்போது அவள் வயிறு என் முதுகில் முட்டியது. உள்ளே ஒரு அசைவு. 

"பிள்ளைக்கு வாங்கேலாததுக்கு எல்லாம் சேத்து இந்த மெஷினை வாங்கியிருக்கிறியள்," என்றாள்.

 பதில் சொன்னால் ஷெட்டில் இருக்கிற கறுப்புப் பையையும் சொல்லவேண்டி வரும் என்று பயந்தேன்.

டிசம்பரில் பனி பெய்யவேயில்லை. டிசம்பர் இருபத்தைந்து, நத்தாருக்கும் புல்லுத் தெரிந்தது. ஊரெல்லாம் சந்தோஷப்பட்டது, நான் மாத்திரம் வானத்தைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். பெய்வதானால் இப்போதே பெய்து முடித்துவிட்டால் என்ன? ஒவ்வொரு நாளும் ஷெட்டுக்குப் போவேன். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிடுவேன். கிறீஸ் பூசுவேன், பூசியதைத் துடைத்துவிட்டு மறுபடி பூசுவேன். பலகைகள் பக்கம் மாத்திரம் திரும்புவதில்லை.

பிறகு ஜனவரி வந்தது. ரொறன்ரோவில் பனி அள்ளப் பட்டாளத்தைக் கூப்பிட்ட ஜனவரி அது. ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டியது. நான் காலையும் மாலையும் பின்னுக்குப் போய்ப் போய் வழித்தேன். வழித்து முடிக்கிற நேரத்தில் தொடங்கிய இடம் மூடியிருக்கும். ஒரு சனிக்கிழமை மதியம், நான் காலையில் வழித்ததற்கு மேல் ஒரு அடி விழுந்திருந்தபோது, மனைவி குசினியிலிருந்து கூப்பிட்டாள். டொக்டர் குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. அவள் மேசையைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. குரல் மாத்திரம் நிதானமாக இருந்தது.

"நேரம் கிடக்கு. அந்தரப்படாமல் போய் வழியுங்கோ."

கையுறை போட்டேனா இல்லையா என்று ஞாபகமில்லை. ஷெட்டிலிருந்து பின்னுக்கு எடுத்தேன். புளோவர் பனிக்குள் புகுந்து கடித்தது, இடது பக்கமாகத் தூக்கி எறிந்தது. பாதி தூரத்தில் காற்றுத் திரும்பி அடித்து, எறிந்ததில் பாதி என் முகத்திலேயே வந்து கொட்டியது. கண்ணைத் துடைக்கக் கை எடுத்தால் டிராக்டர் கோணலாக இழுத்தது. நான் முன்னால் பார்க்கவேயில்லை. முன்னால்தான் வீடு இருந்தது, வாசலில் கோட்டுப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் திரும்பினால் நேர்க்கோடு தவறிவிடும். அவள் நிற்கிறாளா, இருக்கிறாளா, விழுந்துவிட்டாளா என்று தெரியாமல் நூற்றைம்பது அடி போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நான் பயணம் செய்ததில்லை.

வீதி வாயிலில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போன பனி இடுப்பளவு மதிலாக இறுகிக் கிடந்தது. அதில் புளோவர் ஏறி முக்கி நின்றது. முன்னுக்கு வந்து, மறுபடி பின்னுக்கு இடித்தேன். நாலு தடவையோ ஐந்து தடவையோ. வாய்விட்டு மாதாவையும் கூப்பிட்டேன், தூசணத்தையும் சொன்னேன், எது முதல் என்று தெரியாது. கடைசியில் மதில் விட்டுக்கொடுத்தது. கார் போகிற அகலம்தான், அதற்கு மேல் ஒரு சாண் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் வாசல்படியில் இருந்தாள், கையை உயர்த்தினாள்.

ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடப் பாதை முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஆனால் போய்ச் சேர்ந்தோம். அன்று மாலை ஆறு மணிக்கு முன்னர் மகள் பிறந்தாள். அழுதாள்.  பிறகு நானும் அழுதேன். என் கழுத்து ஒரு பக்கம் இறுகிப் போயிருந்ததால் பிள்ளையின் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை, முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்கவேண்டியிருந்தது. தாதிக்கு அது சிரிப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கடதாசிகளில் ஒப்பமிட்டேன். அப்போது அதே தாதி, கார் சீற் எங்கே, அது இல்லாமல் பிள்ளையை விடமாட்டோம் என்றார்.

 நாலு மாதம் ஓடியோடி ஆயத்தம் செய்தவன், இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தவன், அதற்கு ஒரு பதிலை ஆயத்தம் செய்யாமல் நின்றேன். மனைவியின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. கடை திறந்திருக்கும், ஒரு மணித்தியாலத்தில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று தொடங்கினேன்.

"என்னத்துக்குப் புதுசு," என்றாள் மனைவி. பிள்ளையின் துவாயைச் சரிசெய்தபடி, என்னைப் பாராமலே சொன்னாள். "ஷெட்டில பலகைக்குப் பின்னால கிடக்கிறதைப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

  காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பலகைகளை விலக்கினேன். கறுப்புப் பை அதே தட்டில்தான் இருந்தது. ஆனால் கட்டு என்னுடையதல்ல. நான் கம்பியால் முறுக்கியிருந்தேன். இது சேலைக்கரைத் துண்டால் கட்டிய முடிச்சு. அவிழ்த்தேன். சீற்றின் துணியைக் கழற்றித் துவைத்து, காயவைத்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் திரும்பப் போட்டிருந்தது. சவர்க்கார வாசம் இன்னும் போகவில்லை. பெல்ற்றுகளின் கொளுவிகளில் எண்ணெய் விட்டிருந்தது, எனது எண்ணெய்க் குப்பியிலிருந்துதான். நான் அந்தக் குளிருக்குள், டிராக்டரின் மிதிபலகையில் நெடுநேரம் இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனதும் தாதி வெளியே போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"நீர் எப்ப இந்தத் துணியைத் தோய்ச்சனீர்?"

"நீங்கள் புளோவர் பாக்கப் போன நாள்."

"எந்த நாள்?"

"நீங்கள் என்ன, ஒரு நாளே போனனீங்கள்?"

தாதி வந்து, சீற்றைக் காரில் பின்பக்கம் பார்த்தபடி பூட்டவேண்டும், முன்பக்கம் பார்க்க வைக்கக்கூடாது என்று விளக்கத் தொடங்கினார். நான் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டேன். பிறகு கீழே இறங்கிப்போய் அவர் சொன்னபடியே பூட்டினேன். இந்தமுறை மனைவி முன்னால் ஏறவில்லை. பின்னால், சீற்றுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வீடு வரும்வரை அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்தாள்.